படகுக்கும் பொருத்தம் பார்த்தோம்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஒரு பாய்மரப் படகின் எஞ்சினுக்கும் அதன் புரொப்பெல்லருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது, இங்கிலாந்தில் குடியேறி, அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. புரொப்பெல்லர் வேறொன்றுமில்லை, நீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறிதான்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றால் மற்றவர்கள் ரோஜாச் செடி வளர்ப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் படகு வாங்கினார்! 27 அடி நீளம். ஏற்கெனவே இரண்டு பேர் கை மாறியது. காற்றில்லாத நேரத்துக்கு 20 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூல் துறைமுகத்திலிருந்து ஸௌதாம்ப்டன் திரும்பிக் கொண்டிருந்தோம். ஏழு வயதுப் பேரனும் கூட இருந்தான். வழியில் எட்டாம் ஹென்றி மன்னர் கட்டிய ஹர்ஸ்ட் கோட்டை. கோட்டைக்கும் வைட் தீவுக்கும் நடுவே ஒரு மைல்கூட அகலமில்லாத கடல் வாயில். அங்கே வந்ததும் காற்று நின்றது. நீர் வடியும் நேரம். மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் எங்களுக்கு எதிராக ஓடியது.

இவர் எஞ்சினை முழு மூச்சாக முடுக்கினார். பின்னால் குபுகுபுவென்று கரும்புகை! சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பயந்துபோய் வேகத்தைக் குறைத்தார். படகு நின்ற இடத்திலேயே நின்றது.

"பாட்டி, கோட்டை ஏன் நகரவே மாட்டேங்கறது?" என்றான் பேரன்.

நான் அவனை இறுகப் பிடித்துக் கொண்டு குலதெய்வத்தை வேண்டிக் கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் காற்று திரும்பியது. பாய் எங்களைக் கரை சேர்த்தது.

"எஞ்சினில் சக்தி போதாது. இதைவிடப் பெரிதாகப் போட்டுவிட வேண்டியதுதான்" என்றார் இவர். நான் சேமிப்புக் கணக்கை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

நல்ல வேளை! படகுப் பட்டறைக் கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முழுதாக முடுக்கினால் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது?"

நிமிஷத்துக்கு 2,800. எஞ்சினில் பொறித்திருந்ததோ 3,600.

"எஞ்சின்மேல் குற்றமில்லை, அம்மா. சுமக்க முடியாத சுமையைத் தூக்கச் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார் கிழவர்.

படகைக் கரையேற்றிப் பார்த்தோம். மூன்று இறக்கை வெண்கலப் புரொப்பெல்லர். அதன் நடுவில் 14, 12 என்ற எண்களும், வலஞ்சுழி என்பதற்கு அடையாளமும் வெட்டியிருந்தன. முதல் எண் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது பிட்ச், அதாவது திருகாணி மரத்தில் இறங்குவதுபோல், ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய அங்குலம். பழைய சொந்தக்காரர் எஞ்சினை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றும் பழைய எஞ்சினுக்கு வாங்கிய விசிறியை அப்படியே விட்டுவிட்டாராம்!

"பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 200 சுற்று கூடும்" என்றார். 800 சுற்றுக் குறைவு. ஆகவே 4 அங்குலம். 14-க்கு 8 வேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டேன். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் விசிறி ஒரு சுற்று. அதாவது நிமிஷத்துக்கு 1,800. சுற்றுக்கு 8 அங்குலம் என்றால் மணிக்கு 12 கடல் மைல் வருகிறது!

"படகு 6 மைல்தான் போகும். பாக்கி தண்ணீரில் நழுவிவிடும்" என்று சிரித்தார் கிழவர். கடைந்த தயிரெல்லாம் வெண்ணெயாகிவிடுமா என்ன?

"அப்படியானால் பிட்சை இன்னும் குறைத்தால்?" என்றேன்.

"எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும், படகு நகராது" என்றார். பெரிது என்பதெல்லாம் நல்லது என்றில்லை என்பதற்கு ஒரு கதையும் சொன்னார். 1837-ல் பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் லண்டன் கால்வாயில் மரத் திருகு வைத்த படகை ஓட்டினாராம். எதிலோ மோதித் திருகில் பாதி உடைந்து போயிற்று. படகு முன்னைவிட வேகமாக ஓடியதாம்!

எங்கள் வீட்டுக்காரர் மடங்கும் புரொப்பெல்லரைப் பார்த்து ஆசைப்பட்டார். பாய் விரித்துப் போகும்போது அதன் இறக்கைகள் மடிந்து கொள்ளும். தண்ணீரில் இழுவை குறையும். விலை பல மடங்கு.

"நாம் என்ன பந்தயத்துக்கா போகிறோம்? பாயில் கொஞ்சம் மெதுவாகப் போனால் போகட்டும். எதிர் நீரில் குழந்தையைக் கரை சேர்க்கிறதுதான் வேண்டும்" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் மூன்று இறக்கை நிலைப் புரொப்பெல்லரையே வாங்கினார். வாங்கும்போது வலஞ்சுழியா என்று நானே எண்ணைப் பார்த்தேன். மாறிப் போயிருந்தால் படகு பின்னாலல்லவா போகும்!

முதல் ஓட்டத்தில் முள் 3,600-க்குச் சற்றுக் கீழே போய் நின்றது. புகை இல்லை.

அடுத்த மாதம் மறுபடி அதே கடல் வாயில். இந்தத் தடவை புறப்படும் முன்னே இவர் நீரோட்ட அட்டவணையைப் பார்த்தார். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. நான் சொல்லிக் காட்டவில்லை.

"பாட்டி! கோட்டை ஓடறது பார்!" என்று கை தட்டினான் பேரன். இவர் என்னைப் பார்த்தார். நான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன்.