எங்கள் வீட்டுக்கு வந்த அரோவானா

மீனைச் சமைத்து உண்போர் நிறைந்த உத்திரமேரூரில், மீனுக்கு இரை தேடி வயல்வரப்பில் அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "என்ன மீன்டா இது, குழம்புக்கு ஆகுமா?" என்று பாட்டியார் கேட்டார். ஆகாது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடையொன்றில் வாங்கிய நாளில் அது என் விரல் நீளமே இருந்தது. வெள்ளித் தகடு போன்ற உடல். வானத்தை நோக்கிய வாய். மோவாயில் இரு மீசை. வாஸ்து மீன், செல்வம் சேரும் என்றார் கடைக்காரர். செல்வம் வந்ததோ இல்லையோ, செலவு வந்தது.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கியது என் முதற்பிழை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. அதனைப் படிப்படியாக மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிரிகள் புதிய தொட்டியின் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தெளிந்த நீர் தூய நீர் என்று நம்பியிருந்தேன். பத்தாம் நாள் மீன் இரையைத் தீண்டாது செவுள் விரிய மூச்சு வாங்கியது. ஒரு திங்கள் வரை நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றி அதனைப் பிழைக்க வைத்தேன். அந்நாள்களில் பாடநூலைத் தொட்டதாக நினைவில்லை.

பின்னர்தான் இம்மீனைப் பற்றிப் படித்தேன். அமேசான் ஆற்று வெள்ளி அரோவானாவில் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பது தந்தை மீன். அக்குஞ்சுகளுக்காகத் தந்தையைக் கொல்லும் வழக்கமும் அங்கு இருந்துள்ளது. என் மீன் எங்குப் பிறந்தது என்று கடைக்காரரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

பதினான்கு மாதங்களில் அது ஒன்றரை அடி வளர்ந்தது. முழு வளர்ச்சியில் மூன்றடி வரை நீளும் மீனுக்கு என் தொட்டியின் நீளமே மூன்றடி! வெள்ளப்பெருக்கில் மரக்கிளைப் பூச்சியை எம்பிப் பிடிக்கும் இனம் அது. மின்சாரம் நின்ற ஓரிரவில், நான் சரியாக மூடாத கண்ணாடி மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் விழுந்து துடித்தது. ஓசை கேட்டு முதலில் எழுந்தவர் பாட்டியார். ஈரத்துணியால் அள்ளி நீரில் விட்டோம். செதில்கள் சில உதிர்ந்தன, உயிர் நின்றது.

ஏரியில் விட்டுவிடு என்றனர் நண்பர்கள். கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்று குறிக்கும் ஏரி எங்களுடையது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, நீர்நிலையைக் காக்கவே ஏரி வாரியம் என ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பேசுகிறது. அவ்வேரியில் அயல்நாட்டு வேட்டை மீனை விடுவதா? 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயருடன் நம் குளங்களில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டதை வலைவீசுவோர் அறிவர். ஒரு மீன் தனியே பெருகாது என்றனர். நான் இசையவில்லை.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டுவதொன்றே வழி. இடமில்லையே என்று நின்றபோது, துவைகல்லைப் பெயர்த்துத் தள்ளி வைக்கச் சொன்னார் பாட்டியார்! எட்டடி நீளம், நான்கடி அகலம். புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறவிட்டுப் பலமுறை நீர் மாற்றினோம். மேலே கம்பி வலை.

இப்போது மாலைதோறும் வெட்டுக்கிளி பிடித்து வருபவர் பாட்டியார்தாம். பூச்சிமருந்து அடிக்காத வயல்தானா என்று கேட்டால், "உனக்குச் சோறு போட்டப்போ இதெல்லாம் கேட்டியாடா?" என்கிறார்.