கறிவேப்பிலையின் அடியில்

பங்கு இல்லத்தின் சமையற்கட்டை ஒட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அதன் அடியில் கோரை மண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை நாமே மண்வெட்டியை எடுத்தோம். அரைமணி நேரத்தில் தரை வெறுமையாயிற்று. நமக்கோ பெரும் மனநிறைவு.

சமையலுக்கு உதவும் மூதாட்டி குப்பையைக் கிளறிப் பார்த்தார். "சாமி, கன்னுகளையும் சேத்து வெட்டிப்புட்டீங்களே" என்றார். உதிர்ந்த பழங்களின் விதையில் முளைத்தவையும், தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளைத்தவையுமாகப் பத்துப் பன்னிரண்டு கன்றுகள் வாடிக் கிடந்தன.

பத்து நாளில் கோரை மட்டும் மீண்டும் தழைத்தது. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சரம்போல் கோத்துக் கிடப்பவை. மேலே அரிந்தால் கீழிருந்து முளைக்கும். அழிக்க எண்ணியது பிழைத்தது. காக்க வேண்டியது அழிந்தது.

மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின் களை உவமையைக் குருமடத்தில் கற்றவர்கள் நாம். அந்தக் களை கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே தோன்றும். அதற்குள் இரண்டின் வேர்களும் பின்னிக்கொள்ளும். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அன்றிரவு நமது நினைவுக்கு வந்தது தேர்வுத்தாள் அன்று; ஓர் இளைஞனின் முகம்.

சென்ற ஆண்டு பாடகர் குழுவில் சச்சரவு எழுந்தது. நாம் தீர விசாரிக்காமல் மூவரை நீக்கினோம். சண்டையிட்ட இருவரும் ஒரே மாதத்தில் சமாதானமாகித் திரும்பிவிட்டனர். அவர்கள் அருகில் நின்றதைத் தவிர வேறு குற்றம் அறியாத மூன்றாமவன் ஆலயத்திற்கே வருவதில்லை. அவனுடைய தாய் மட்டும் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருப்பார். அவர் நம்மிடம் ஒருநாளும் முறையிட்டதில்லை. மனிதரைக் களை என்று எண்ணியதே நமது முதற்பிழை, அவசரம் இரண்டாவது.

மறுநாள் மாலை அவர்கள் இல்லத்திற்குச் சென்றோம். அவன் நாற்காலியை எடுத்துப் போட்டான். "தம்பி, தவறு நம்முடையது" என்றோம். அவன் தலை நிமிரவில்லை. தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவன் இன்னும் வரவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை, அவ்வப்போது சென்று பார்த்து வருகிறோம். கறிவேப்பிலையின் அடியில் இப்போது களைக்கொத்தோடு குந்தி அமர்ந்து, கோரைக் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறோம். தப்பிய கன்று ஒன்றே ஒன்று உண்டு. அதன் அருகில் குச்சி நட்டு வைத்திருக்கிறோம், நமது கைக்கே ஓர் எச்சரிக்கையாக.