முட்டை விலையோடு சேர்ந்து இறங்காதது எது?

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டிப் பக்கம் நிதி ஆலோசனை கேட்டு வருகிறவரிடம், இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். கோழிப்பண்ணை, முட்டை லாரியில் பங்கு, மக்காச்சோளம் போடும் காடு, மச்சானின் தீவனக் கடைக்குக் கொடுத்த முதல், ரெண்டு வட்டிக்கு விட்ட பணம். எழுதிவிட்டு, "அஞ்சு பக்கமாப் பிரிச்சுத்தானுங் தம்பி வச்சிருக்கறேன்" என்பார்.

ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பதில் எழுதவேண்டும்: முட்டை விலை ஆறு மாசம் படுத்தால் இது என்ன ஆகும்? பண்ணை நட்டம். லாரி வாடகை பாக்கி நிற்கும். தீவனக் கடைக் கடன் வசூலாகாது. மக்காச்சோளம் போவதே கோழித் தீவனத்துக்கு. (மரவள்ளி என்றாலாவது பரவாயில்லை, அதன் விலை சேகோ ஆலைக்காரர் கையில்.) வட்டிக்கு வாங்கியவர் யார் என்றால், அவரும் பண்ணைக்காரர். பேனா அங்கே நின்றுவிடும்.

2006 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிராவின் நவாபூரில். முட்டை விலை நாமக்கல்லிலும் சரிந்தது. 2020இல் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற புரளியே போதுமானதாக இருந்தது.

ஆகவே என் வேலை, முட்டையோடு சம்பந்தமில்லாத இடம் தேடுவது. ஆறு மாதக் குடும்பச் செலவும் கடன் தவணையும் வங்கி டெபாசிட்டில். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் 1 லட்சம்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க டெபாசிட்டுக்கு அதுவும் கிடையாது, சொன்னால் நம்பமாட்டார்கள். மிச்சத்தில் ஒரு பங்கு, பத்து வருசம் தொடாத பணம் என்றால் மட்டும், பங்குச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில். பங்குச் சந்தையும் விழும். ஆனால் நாமக்கல் முட்டைக்காக விழாது.

"பேங்க் வட்டியெல்லாம் ஒரு வட்டீங்களா? ரெண்டு வட்டின்னா வருசத்துக்கு இருபத்தி நாலுங்களே!" அந்த இருபத்தி நாலும் முட்டை விற்றுத்தானே வரவேண்டும்?

வீட்டுப் பெண்களின் நகையை விற்கச் சொல்வதில்லை. விலை படுத்த மாதம் அடகு வைக்கக் கைகொடுப்பது அதுதான். புத்தகம் படித்த ஆலோசகர்கள் முகம் சுளிக்கட்டும்.

ஃபண்டு விற்பவருக்குக் கமிஷன் தருவது ஃபண்டு கம்பெனி. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகருக்குக் கட்டணம் தருவது நீங்கள். யாரிடம் போனாலும், "உங்களுக்குக் கூலி யாருங்க தர்றது?" என்று முதலில் கேளுங்கள். ஆலோசகர் என்றால் பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். செபி இணையதளத்தில் அவர் பெயரைப் பார்த்த பிறகே உங்கள் தாளைக் காட்டுங்கள்.