கல்லில் எழுதப்படாத காலம்

கருக்களாச்சேரி காரைக்கால் கடற்கரையில் உள்ளதொரு மீனவர் ஊர். அதன் மணலுக்கும் அடுத்த வயல்களின் வண்டலுக்கும் அடியில், காவிரியும் கடலும் இட்ட படிவுகள் அடுக்கடுக்காய் ஆழ்ந்து கிடக்கின்றன. வெள்ளம் பரவிய ஆண்டில் ஓர் அடுக்கு சேரும். பரவாத ஆண்டில் ஒன்றும் சேராது. புயல் எழுந்தால் முன்பு சேர்ந்ததும் அரிக்கப்படும். 2004 டிசம்பர் 26 அன்று இக்கரையில் பாய்ந்த ஆழிப்பேரலை ஓரிடத்தில் மணலைக் குவித்தது; மற்றோரிடத்தில் இருந்த மணலையும் வாரிச் சென்றது. இந்நிலம் பிற்காலத்தில் பாறையாகுமானால், அதன் கனத்தை மட்டும் அளந்து ஆண்டுகளை எண்ணுவோர் ஏமாறுவர். 19ஆம் நூற்றாண்டில் அவ்வாறு உலகின் வயதைக் கணித்த அறிஞர் பலர், 454 கோடி ஆண்டு என்னும் உண்மைக்கு மிகவும் குறைவாகவே கண்டனர்.

படியாமல் போன காலத்தை அறிவது எங்ஙனம்? காரைக்காலின் அடியில் உள்ளவற்றை ஆழ்துளையிட்டே அறிதல் வேண்டும். அதே காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பிலோ, அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில், பழங்கடல் இட்ட பாறைகள் வெளியே தெரிகின்றன. ஹென்றி பிளான்போர்டு 1862இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார்.

அவற்றிற்கு அடியில் இருப்பது 200 கோடி ஆண்டினும் மூத்த கருங்கல். பல இடங்களில் அதன்மேல் நேராகவே அமர்ந்துள்ள கடற்படிவின் வயதோ 10 கோடி ஆண்டை ஒட்டியது. இடைப்பட்ட நெடுங்காலத்திற்கு அவ்விடங்களில் ஒரு விரற்கடைக் கல்லும் இல்லை. இரு பாறைகளும் கூடும் கோடு ஒன்றே உண்டு. அக்கோட்டை நிலவியலார் பொருந்தாமை என்பர். கோட்டிற்கு மேலுள்ள அடுக்கில் கீழ்க்கல்லின் உருண்டைகள் பதிந்திருப்பின் ஐயமே வேண்டா. கீழ்க்கல் வெயிலிலும் மழையிலும் கிடந்து, உடைந்து, உருண்ட பின்னரே மேலடுக்கு படிந்தது.

கீழடுக்குகள் செங்குத்தாய் நிற்க, மேலடுக்குகள் அவற்றின்மேல் சற்றே சாய்ந்து கிடப்பதை 1788இல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் ஜேம்ஸ் ஹட்டன் கண்டார். படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, மீண்டும் நீரில் ஆழ எத்தனை காலம் வேண்டும்!

இரு படிவுகளும் ஒரே சாய்வுடையன எனின் வேலை கடினம். சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு முதலிய தொல்லுயிர்களின் இனங்கள் கோட்டிற்கு மேலே சட்டென மாறுகின்றனவா என்று பார்ப்பர். அம்மாற்றம் ஒன்றே சான்றாகாது. ஓடுகள் அங்கே அழிந்தும் போயிருக்கலாம். இடைப்பட்ட இனங்கள் வேறு நாட்டுப் பாறைகளில் கிடைத்தாலன்றித் துணிவு பிறவாது. ஊட்டத்தூர்த் தொகுதிக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதிக்கும் நடுவே பிளான்போர்டு ஒரு பொருந்தாமையைக் கண்டார். முன்னது அரிக்கப்பட்ட பின்னரே பின்னது பரவிற்று; சில இடங்களில் அதனையும் கடந்து சென்று கருங்கல்லின்மேலேயே படிந்துள்ளது.