உயிர் என்றொரு முன்னொட்டு

சென்ற வாரம் கோவில்பட்டியிலிருந்து தங்கை அழைத்தாள். அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அரசுக் கல்லூரியில் வேதியியலும், தனியார் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியலும் கிடைக்கும் போலிருக்கிறது. "நீயே சொல்லுண்ணே, எதுல சேக்கலாம்?" என்றாள். குரலில் கேலியின் சாயல்கூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. இதே கேள்வியை 2001இல் அவள் தனக்காகக் கேட்டபோது பதில் சொன்னவன் நான்.

அப்பா தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்குபவராக இருந்தார். (எங்கள் ஊரில் யாரும் தொழிற்சாலை என்பதில்லை, ஆபீஸ்தான்.) பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரமும் அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். நான் வேதியியல் படித்து, ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சேர்ந்தேன். பெரிய ஆர்வம் என்று சொல்லமுடியாது. வேலை கிடைத்தது, அவ்வளவே.

2000 ஜூனில் மனித மரபணுத்தொகையின் முதல் வரைவு அறிவிக்கப்பட்டது. அதன்பின் நாளிதழ்களின் கல்வி இணைப்புகளைத் திறந்தாலே உயிர்த்தொழில்நுட்பம்தான். நான் அவற்றை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தேன். இனி உயிரியலின் காலம் என்று தங்கையிடம் பிரசங்கம் செய்தேன். அப்பா ஒன்றுதான் கேட்டார். "அதப் படிச்சா டீச்சர் வேலைக்குப் போலாமா?" நான் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவு இருந்தால் வேதியியல் ஆசிரியர் இருந்தாக வேண்டும். உயிர்வேதியியல் கற்பிக்கும் பள்ளிகளோ மிகச்சில, பணியிடங்களும் அதற்கேற்பத்தான். அரசு மருத்துவமனை ஆய்வகங்கள் கேட்பது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம். முதுகலை முடித்தவளுக்கு அது இல்லை. கல்லூரி ஆசிரியராகலாமென்று நெட் தேர்வு எழுதினாள். வேதியியலுக்குத் தனித்தாள் உண்டு. உயிர்வேதியியல் படித்தவர்களோ உயிர் அறிவியல் தாளில் தாவரம், விலங்கு, சூழலியல், பரிணாமம் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றாள். 'கேட்' தேர்வின் உயிர் அறிவியல் தாளில் வேதியியல் கட்டாயப் பகுதி, உயிர்வேதியியல் விருப்பப் பகுதிகளில் ஒன்று. என் பிரசங்கத்துக்கு யாரோ எழுதிய மறுப்புரைபோல இருந்தது அது.

பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறாள். சம்பளத்தை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருமுறை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். சர்க்கரைப் பரிசோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது, அதைக்கொண்டு இன்னொரு நொதி நிறத்தை உண்டாக்குகிறது, நிறத்தின் அடர்த்தியே சர்க்கரையின் அளவு என்று விளக்கினாள். பிறகு, பாஸ்பரஸை நீலநிறமாக்கி அளக்கும் முறையை 1925இல் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்ட எல்லாப்பிரகடா சுப்பாராவைப் பற்றிப் பேசினாள். "நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவருண்ணே" என்றாள், ஏதோ பக்கத்துத் தெருக்காரரைச் சொல்வதுபோல. நானும் குழாயில் எத்தனையோ நிறமாற்றங்கள் பார்த்தவன்தான். எதைப் பற்றியும் வீட்டில் யாரிடமும் பேசியதில்லை.

இந்தமுறை நோட்டு எதையும் புரட்டவில்லை. "வேதியியல்ல சேரு. வேதியியல் பட்டதாரிகளை உயிர்வேதியியல் முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்கள்ல எடுத்துக்குறாங்க. அங்கேருந்து இங்க திரும்பி வர்றதுதான் கஷ்டம்" என்றேன். மருமகள் போனை வாங்கினாள்.

"மாமா, அம்மாவும் நேத்து இதையேதான் சொன்னா."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கச் சொன்னா?"

மறுமுனையில் கொஞ்சநேரம் பேச்சில்லை. பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"அண்ணன் சொன்னா அப்பா சொன்ன மாதிரி இருக்கும்னுதான்."