மாளிகைக்குச் சென்ற இருப்புப்பாதை

இலண்டனின் வடபகுதியில், ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்தருகே மரங்களடர்ந்த நடைபாதை ஒன்று தொடங்குகின்றது. பார்க்லேண்ட் வாக் என்பது அதன் பெயர். அரைமணி நேரம் நடந்தால், இருபுறமும் இரண்டு நடைமேடைகள் எதிர்ப்படும். நடுவே தண்டவாளம் இல்லை. நம்மைப் போன்ற பாதசாரிகளே செல்கின்றனர். கிரவுச் எண்ட் நிலையத்தில் எஞ்சியவை அவை.

ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் வழியாக எட்ஜ்வேர் வரை 1867-இல் இருப்புப்பாதை அமைந்தது. ஹைகேட்டில் பிரிந்து மஸ்வெல் ஹில் மேட்டுக்கு ஏறிய கிளைப்பாதைக்கோ ஒரே நோக்கம்தான்: பொதுமக்களின் பொழுதுபோக்கிற்கென எழுப்பப்பட்ட அலெக்சாண்டிரா மாளிகைக்குக் கூட்டத்தைக் கொண்டு சேர்ப்பது. 1873 மே 24 அன்று மாளிகையும் புகைவண்டியும் ஒரே நாளில் தொடங்கின. பதினாறாம் நாள் குவிமாடத்தில் பற்றிய தீ மாளிகையை விழுங்கிற்று! வண்டிகளும் நின்றன. 1875 மே முதல் நாள் புதிய மாளிகை திறந்த பின்னரே அவை மீண்டும் ஓடின. அதன் பிறகும் மாளிகைக்கு வருவாய் குன்றிக் கதவடைத்த போதெல்லாம் பாதையும் உறங்கியது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை விரித்தவன் நிலைதான்.

அன்றாடம் அலுவலகம் செல்லும் குடும்பங்கள் மஸ்வெல் ஹில்லில் பெருமளவில் குடியேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1902-இல் கிரான்லி கார்டன்ஸ் என்னும் புதிய நிலையமும் எழுந்தது. 1935-இல் இப்பாதையை மின்மயமாக்கி நிலத்தடி இரயிலுடன் இணைக்கத் திட்டமிட்டனர். பணிகளும் தொடங்கின. உலகப்போர் குறுக்கிட்டது. போரின் மீது மட்டும் பழிபோடுவது முறையன்று. போர் ஓய்ந்த பின்னும் அப்பணியை எவரும் முடிக்கவில்லை. 1954 ஜூலை 3 அன்று கடைசிப் பயணியர் வண்டி ஓடியது.

1984-இல் பாதை பொதுநடைபாதையாயிற்று. பின்னர் இதில் நெடுஞ்சாலை அமைக்கும் யோசனை எழ, அக்கம்பக்கத்தார் போராடித் தடுத்தனர். 1990-இல் இது இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஹைகேட்டின் சுரங்கங்களில் இப்போது வௌவால்களே குடியிருப்பதால், நடப்போர் அங்கே தெருவுக்கு ஏறிச் சுற்றி வரவேண்டும்.

அப்பால் பதினேழு வளைவுகள் கொண்ட பாலம். அதன்மேல் நின்றால் இலண்டன் மாநகர் முழுதும் கண்முன் விரிகின்றது. சாலையில் சிவப்புப் பேருந்துகள் ஊர்ந்து செல்கின்றன. மஸ்வெல் ஹில்லில் வாழ்வோர் நிலத்தடி இரயிலைப் பிடிக்க, இன்றும் அவற்றில் ஏறித்தான் ஹைகேட் செல்கின்றனர்.