அச்சம் தணிக்கும் எளிய வழிகள்

தேர்வு நெருங்கும்போது நெஞ்சு படபடப்பதும் உறக்கம் கெடுவதும் கோழைத்தனம் அல்ல. ஆபத்தை எதிர்கொள்ள உடல் தன்னை ஆயத்தப்படுத்தும் இயல்பே அது. என்னிடம் தமிழ் பயின்று, இப்போது போபால் நகரக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர் சிலர் இதனைப் பெற்றோரிடம் மறைக்கின்றனர். “கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள், மருத்துவச் செலவும் வைக்கலாமா, ஐயா?” என்று கேட்கின்றனர்.

அவர்களுக்கு நான் கூறுபவை, நாளை கல்லூரி செல்லவிருக்கும் உங்களுக்கும் பொருந்தும். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுங்கள்; இதயத் துடிப்பு தணியும். மாலையில் பெரிய ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடக்கக் கட்டணம் இல்லை. மனத்தை அழுத்துவனவற்றைத் தாளில் எழுதி, இன்று செய்யக்கூடியதை மட்டும் அடிக்கோடிடுங்கள். இரவில் தேநீரையும் கைப்பேசியையும் விலக்குங்கள்.

இவற்றாலும் அச்சம் அடங்காவிடில் 14416 என்னும் எண்ணை அழையுங்கள். நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவை அது. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பெற்றோரிடமும் மறைக்காமல் கூறுங்கள். உங்கள் நலத்தைவிட அக்கடன் அவர்களுக்குப் பெரிதன்று.